எட்டு வீடும் ஒரு எக்செலும்

போன போயா லீவுக்கு எங்கும் போகவில்லை. மடிக்கணினியைத் திறந்து, எங்கள் திருகோணமலை உப்புவெளி ஒழுங்கையைப் போல எட்டு வீடுகளை எக்செலில் கட்டினேன். சம்பளமெல்லாம் என் கற்பனை, இலங்கை வரி விகிதம் மட்டும் அசல். இதையே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் செய்தால் மைக்ரோசிமுலேஷன். 1957இல் கை ஓர்கட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் தொடக்கிவைத்த யோசனை இது. சராசரிக் குடும்பம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல், கணக்கெடுப்பில் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் வரிச் சட்டத்தையும் உதவித்தொகை விதியையும் தனித்தனியாகப் போட்டு, சட்டம் மாறினால் யார் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில் 2023 வருமான வரி விதி, பிறகு 2025 ஏப்ரல் விதி. வரியில்லாத எல்லை மாதம் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமானதும் 12 சதவீத வரிப் படி காணாமல் போனதும் தெரிந்த கதை. இரண்டு லட்சம் சம்பளக்காரருக்கு மாத வரி 10,500இலிருந்து 3,000 ஆனது. சரி, நல்லது.

அடுத்த இரண்டு வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கு 1,50,000, வரி ஒரு சதமும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் மட்டும் 3,00,000 உழைக்கிறார், மனைவி படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்க்கிறார், உழைக்கிறவருக்கு மாதம் 18,500 வரியாகப் போகிறது. இரண்டு வீட்டுக்கும் வருகிற காசு ஒன்றுதான்! எங்கள் வருமான வரி ஆளைப் பார்க்கிறது, அரசாங்க உதவித்தொகையான அஸ்வெசுமவோ குடும்பத்தைப் பார்க்கிறது. ஒரே அரசாங்கம், இரண்டு கண்ணாடி. மாமியாரைப் பார்ப்பதும் வேலைதானே என்று நான் சொன்னால் எக்செல் கேட்கவா போகிறது? இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வரி மாறியதும் யாராவது வேலைக்குப் போவார்களா, ஓவர்டைமை விடுவார்களா என்பதெல்லாம் என் கணக்கில் இல்லை, எல்லாரும் நேற்றுப் போலவே இருப்பார்கள் என்றுதான் அது நம்புகிறது.

கடைசி வீடு கடற்தொழில். அங்கே வருமான வரி பூச்சியம், ஆனால் சவர்க்காரத்துக்கும் போன் ரீலோடுக்கும் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற், அதாவது பெறுமதி சேர் வரி. அதையே ஒரு டொக்டர் வாங்கினாலும் அதே 18. அதனால் சம்பள வரியை மட்டும் வைத்து யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று சண்டை பிடிப்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அந்த வீட்டுக்கு மாத வருமானமாக என்ன போடுவது என்று தெரியாமல், திருக்கடலூரில் படகு வைத்திருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, மாசம் எவ்வளவு வரும்?"

"எந்த மாசம் எண்டு கேள் மருமகன். மார்கழியில கடல் எங்கள விடுமே?"

தொகைமதிப்புத் திணைக்களம் வீட்டு வருமானக் கணக்கெடுப்பை 12 மாதமும் பிரித்து நடத்துவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. என் எக்செலில் அந்த வீட்டுக்கு மட்டும் இப்போது 12 நிரல்கள் இருக்கின்றன, மார்கழியில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.