கடலூர்ச் சங்கராவும் கிருஷ்ணகிரி மாங்காயும்

அம்மா பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினத்தில். அங்கே வேலை பார்த்த அப்பாவை 1985ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மணந்து கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலுள்ள காவேரிப்பட்டணத்துக்கு வந்த நாள் முதல் அவருக்கு வாய்த்தது அணை மீன்தான். தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டு 1957இல் காமராசர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் எங்களுக்கெல்லாம் அமுதம். அணையை ஒட்டிய கடைகளில் மிளகாய்ச் சாந்து தடவிச் சுடச்சுடப் பொரித்துத் தரும் மீனுக்காக எத்தனை முறை போயிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை. அம்மாவும் விரும்பித்தான் சாப்பிடுவார். ஆனாலும், "நல்லாத்தான் இருக்கு, உப்புக்காத்து படாத மீனு" என்று ஒருமுறையாவது சொல்லாமல் எழுந்ததில்லை.

நாற்பதாவது திருமண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, புடவை வேண்டாம், சங்கரா மீன் குழம்பு வேண்டும் என்றார். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு சந்தில், கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறிய கடல்மீன் உணவகம் ஒன்றை நண்பர் சொல்லி வைத்திருந்தார். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அம்மா சன்னலைத் திறந்துவிட்டு, "கல்யாணமாகி வரும்போது எங்கம்மா அழுதுகிட்டே சொன்னாங்க, உங்க ஊர்ல ஓடுற தண்ணிதான் நம்மூருக்கு வருது, கவலைப்படாதேன்னு" என்றார். தென்பெண்ணை சாத்தனூரையும் திருக்கோவிலூரையும் கடந்து கடலூருக்குப் பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். பாட்டி அதை ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

உணவகத்தில் மொத்தம் ஆறு மேசைகள். அம்மா உட்காரவில்லை. "தம்பி, மீனைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களை வாசலுக்குப் போய்விட்டார். கடைக்காரர் முகம் சுளிக்காமல், "வாங்கம்மா" என்று தெர்மாகோல் பெட்டியைத் திறந்து காட்டினார். பனிக்கட்டித் தூளுக்குள் கிடந்த சங்கராவை அம்மா எடுத்து, செவுளைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தார். உள்ளே நல்ல சிவப்பு. கண் குழி விழாமல் புடைத்துக்கொண்டு பளபளத்தது. வயிற்றை ஒரு விரலால் அழுத்திவிட்டு, "நேத்து ராத்திரி ஏத்துனது" என்றார். கடைக்காரர் வியப்போடு தலையாட்டினார். கடலூர் முதுநகரில் இரவில் ஏற்றும் பெட்டிகள் திருவண்ணாமலை வழியாக விடியற்காலையில் வந்து சேருமாம். கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அது முடிவதும் ஆனி பிறப்பதும் ஏறக்குறைய ஒன்றாக அமைவதால், அவர்களுடைய திருமண நாள் இப்போதெல்லாம் புதுமீன் வரத்துக் காலத்தில்தான் வருகிறது. இத்தனை நாளாக எங்களில் ஒருவருக்கும் அது தோன்றாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

குழம்பில் மாங்காய் போட முடியுமா என்று அம்மா கேட்டார். கிருஷ்ணகிரியில், அதுவும் மாம்பழப் பருவத்தில், இதைக் கேட்கவா வேண்டும்? கடைக்காரரின் மனைவி கூடையிலிருந்து ஒரு கிளிமூக்கு மாங்காயை எடுத்து, தோலோடு நீளவாக்கில் கீறிப் போட்டார். "புளியைக் குறைச்சுக்கிறேன்க்கா" என்று அவர் சொன்னதைக் கேட்டதும் அம்மா நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்.

முதலில் வந்த வஞ்சிரம் வறுவல் கொஞ்சம் கூடுதலாக முறுகியிருந்தது, நெத்திலி பரவாயில்லை. குழம்பு வந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. மண்சட்டியில் எண்ணெய் மேலே மிதக்க, மாங்காய்த் துண்டுகள் கரையும் பதத்துக்கு வெந்து, புளிப்பு தொண்டையைப் பிடிக்காமல் மெல்ல ஏறியது. அப்பா வழக்கம்போல ராகிக்களி கேட்டு வாங்கி, நடுவில் குழி செய்து அதில் குழம்பை ஊற்றிக்கொண்டார். அம்மா சோறுதான் வாங்கினார். சங்கராவின் முதுகுப்புறத்தை விரல்நுனியால் வருடி, நடுமுள்ளைச் சதை ஒட்டாமல் ஒரே இழுப்பில் உருவி இலையோரம் வைத்தார். பிறகு தலையை எடுத்து உறிஞ்சத் தொடங்கியவர் நெடுநேரம் பேசவே இல்லை. அப்பா தன் இலையிலிருந்த மீன் தலையையும் சத்தமில்லாமல் எடுத்து அம்மாவின் இலையில் வைத்தார்.

நான்கு பேருக்கும் சேர்த்து 1,480 ரூபாய் ஆனது. பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அம்மா மறுபடியும் பெட்டியருகே நின்று, சமைக்காத கிழங்கான் மீன் அரை கிலோ விலைக்குத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் பனிக்கட்டி போட்டுக் கட்டிக் கொடுத்தார். காவேரிப்பட்டணம் வந்து சேரும்வரை அந்தப் பையை அம்மா மடியிலேயே வைத்திருந்தார். புடவை நனைகிறது, கீழே வையுங்கள் என்று என் மனைவி சொன்னபோதும் கேட்கவில்லை.