கொடி ஒரு நாடு, கூலி ஒரு நாடு

நார்வேஜியன் விமான நிறுவனத்தின் பழைய விவகாரத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயரில் நார்வே, அமெரிக்காவுக்குப் பறக்க அனுமதி கேட்ட துணை நிறுவனத்தின் உரிமம் அயர்லாந்தில். நீண்டதூர விமானங்களுக்குச் சிங்கப்பூர் நிறுவனம் வழியாக ஒப்பந்த விமானிகள், அவர்களுக்குத் தளம் பாங்காக்! சம்பளத் தகராறு வந்தால் அந்த விமானி எந்த நாட்டு நீதிமன்றத்தின் படியேறுவார்?

சட்டம் தளர்வான பனாமாவில் கப்பலைப் பதிவு செய்து, முதலாளிகள் அந்நாட்டுக் கொடியைப் பறக்கவிடும் அதே தந்திரம் என்று அமெரிக்க விமானிகள் சங்கம் கொதித்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2010-இல் திருத்திய விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரம் பற்றி ஒரு பிரிவே உண்டு. ஆனால் அதை மட்டும் காட்டி விண்ணப்பத்தை மறுக்க முடியாது என்று சொல்லி, 2016 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அனுமதி தந்துவிட்டது. எழுதி வைத்த பிரிவு ஏட்டுச் சுரைக்காய்தான்.

மலிவு டிக்கெட்டை நானும் தேடித்தான் வாங்குகிறேன். என் கவலை வேறு. "களைப்பாக இருக்கிறது, இன்று ஓட்ட மாட்டேன்" என்று நிரந்தர ஊழியர் துணிந்து சொல்லலாம். பறந்த மணிக்கு மட்டும் கூலி வாங்கும் ஒப்பந்த விமானி அப்படிச் சொன்னால் அன்றைய வருமானம் போகும். அடுத்த ஒப்பந்தம் வருமா என்பதும் சந்தேகம்.

2021 ஜனவரியில் நார்வேஜியன் நீண்டதூரச் சேவையையே மூடிவிட்டது. அந்த ஆள்சேர்ப்பு முறைக்கு மட்டும் இன்னும் மூடுவிழா நடக்கவில்லை.