வலது சக்கரத்து பேரிங்
தொப்பூர் கணவாய் இறங்கும்போது வண்டில இடது பக்க வளைவுல மட்டும் கரகரன்னு ஒரு சத்தம், வலது பக்கம் ஒடிச்சா நின்னுடுது.

தர்மபுரில மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு, வலது முன் சக்கரத்த ஒரு கையால சுத்திவிட்டு இன்னொரு கைய சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வச்சு கண்ண மூடிக்கிட்டாரு. அந்த அதிர்வுலயே கண்டுபிடிச்சிட்டாரு!

"பேரிங் போச்சுங்க. இடது திரும்பினா வெயிட்டு வலது சக்கரத்துல தான விழும். சக்கரத்த சுத்திவிடுற தண்டோட மூட்டு, அதான் சிவி ஜாயின்ட், அது போயிருந்தா ஃபுல்லா ஒடிக்கும்போது டக்டக்னு அடிக்கும்."

கழட்டி காட்டினாரு, பேரிங்குக்குள்ள குண்டு ஓடுற பாதை பூரா சொறிசொறியா பேந்து கெடக்கு.

இப்படி கையாலயே கேக்குற ஆளுங்க ஊருக்கு ஊரு இருக்கணும், அந்த கணவாய்ல எத்தன குடும்பம் எறங்குது.

பின்சக்கரத்தயும் பாத்துடுங்கண்ணான்னு சொல்லிருக்கேன்.