கிரீனி: திரும்பிய ஒரு காந்தத்தின் குரல்

பல ஆண்டுகளுக்கு முன்பு, காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஆயா (பாட்டி) வீட்டின் வளவில் என் முதல் எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயருடன் இணைத்தபோது, நான் ஒரு தந்தியைக்கூடத் தொடுவதற்கு முன்பே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பிப் பட்டாலை வரை நிறைந்துவிட்டது. அடுப்படியிலிருந்து வெளியே வந்த ஆயா, சுவரோரம் மரப்பட்டிக்குள் ஓடும் பழைய வயரிங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, கரண்டு கசியுதா?" என்று கேட்டார். நான் முகப்பைப் பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் தணிந்தது. இரண்டாம் கட்டுப் பக்கம் திரும்பினால் ஏறியது. டியூப் லைட்டை அணைத்தால் பாதி போயிற்று. ஆயா கேட்டது சரியான கேள்விதான் என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. 'கிரீனி' என்ற பழைய கிட்டார் ஒன்றின் விசித்திரக் குரலைப் புரிந்துகொள்ளவும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தக் கிட்டாரில் இருந்தவை ஒற்றைக் காயில் பிக்கப்புகள். காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி வைத்திருப்பார்கள். மேலே அதிரும் இரும்புத் தந்தி காந்தப் புலத்தைக் கலைக்க, கம்பியில் சிறிய மின்சாரம் பிறக்கும். ஆனால் அந்தக் கம்பிச் சுருளுக்குத் தந்தியின் அதிர்வு எது, டியூப் லைட் சோக்கிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் புலம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். இந்தத் தொல்லைக்குத் தீர்வு கண்டவர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் காலமசூ நகரில் இருந்த கிப்சன் கிட்டார் தொழிற்சாலையில் பணியாற்றிய சேத் லவர். அவருக்கு யோசனையைத் தந்ததும் ஒரு சோக்தான் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது: ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் இரைச்சலை ரத்து செய்யும் சோக்கைப் பயன்படுத்தியிருந்த அவர், சோக்கில் இது முடியுமானால் பிக்கப்பில் ஏன் முடியாது என்று எண்ணினார். 1955 ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959 ஜூலையில் அது கிடைத்தது.

அவர் செய்தது இதுதான். இரண்டு காயில்களை அருகருகே வைத்து, ஒன்றின் கம்பியை மற்றதற்கு எதிர்த்திசையில் ஓடுமாறு இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில், எதிரெதிராகப் பிறந்து அழிந்துவிடும். அப்படியென்றால் தந்தியின் ஒலியும் அழிந்துவிடாதா என்றால், அதற்காகத்தான் ஒரு காயிலின் கீழே காந்தத்தின் வட முனையும் மற்றதன் கீழே தென் முனையும் வருமாறு வைத்தார். தந்தியின் ஒலி இரண்டு முறை தலைகீழாகி மீண்டும் நேராகிவிடும். இரைச்சல் ஒரே ஒரு முறை மட்டும் தலைகீழாகித் தன்னைத் தானே தின்றுவிடும். இதற்கு ஹம்பக்கர் என்று பெயர் வந்தது.

1957இல் இந்தப் பிக்கப் கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் ஏறியது. லெஸ் பால் என்பவர் கிட்டார் கலைஞர். திண்ணிய பைன் கட்டை ஒன்றில் தந்தி பூட்டி 'மரக்கட்டை' என்றே பெயரிட்டு வாசித்துப் பார்த்தவர். அதைக் கிப்சன்காரர்கள் தொடக்கத்தில் பொருட்படுத்தவில்லை. 1950இல் இன்னொரு கிட்டார் தயாரிப்பாளரான லியோ ஃபெண்டரின் திண்ணிய உடல் கிட்டார் கடைக்கு வந்த பிறகுதான் டெட் மெக்கார்ட்டி தலைமையில் வேலையைத் தொடங்கி, 1952இல் பொன்னிற லெஸ் பாலை வெளியிட்டார்கள். பின்புறம் மஹோகனி, மேலே செதுக்கிய மேப்பிள் பலகை, விரல் பலகைக்கு நம் ஈட்டி மரத்தின் பிரேசில் உறவான ரோஸ்வுட், தந்தியின் நீளம் ஃபெண்டரைவிட முக்கால் அங்குலம் குறைவு. (எனக்குப் பின்னர் வாய்த்த அதே அச்சுக் கிட்டாரைத் தட்டிப் பார்த்த ஆயா, "தேக்கு இல்லையே" என்று ஒரே சொல்லில் மதிப்பிட்டுவிட்டார். பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவரிடம் மேற்கொண்டு வாதாட முடியாது.)

1958இல் பொன் பூச்சைக் கைவிட்டு, மேப்பிளின் வரிகள் தெரியும்படி நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செம்மையுமாகப் பூசினார்கள். விலை 250 டாலரை ஒட்டி இருந்தது. வாங்க ஆள் இல்லை. 1960 வரை சுமார் 1500 கிட்டார்கள் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். 1961இல் அதே பெயரில் வேறு வடிவம் வந்தது. அந்தச் செம்மைச் சாயம் வெயிலில் நிற்காத சாயம். கடை ஜன்னலில் தொங்கியவை தேன் நிறமாகவும் எலுமிச்சை நிறமாகவும் வெளுத்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெளுத்த படங்களுக்குத்தான் கிராக்கி அதிகம் என்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த வெளுத்த கிட்டார்களின் இன்றைய விலை பல லட்சம் டாலராக ஏறியது வியப்பளிக்காது.

ஆனால் குரலைப் பற்றித்தான் எழுத வந்தேன். அந்தக் காலத்துப் பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருக்கும். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பி.ஏ.எஃப்.' என்றே அவற்றை அழைக்கிறார்கள். ஒவ்வொரு காயிலுக்கும் 5000 சுற்றை ஒட்டிய கணக்கு. சுற்றும் இயந்திரத்தைப் பெரும்பாலும் ஆள் பார்த்து நிறுத்த வேண்டியிருந்ததால், ஒரே பிக்கப்பின் இரண்டு காயில்களும்கூடச் சமமாக இருப்பதில்லை. காந்தமும் கையில் கிடைத்த வகைதான். இதை நான் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். கிணற்று மோட்டார்களுக்கு எனாமல் கம்பி சுற்றியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். "சுத்து கூடினா ஒரு பேச்சு, குறைஞ்சா ஒரு பேச்சு. ரெண்டு காயில் சமமா இல்லேன்னா மோட்டார் உறுமும் தம்பி" என்றார். பிக்கப்பிலும் அதுவே நடக்கிறது: சமமில்லாத காயில்கள் இரைச்சலை முழுதாக ரத்து செய்வதில்லை, அதே போல அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்களையும் முழுதாக மழுக்குவதில்லை. பழைய ஹம்பக்கரில் கேட்கும் அந்தத் தெளிவுக்கு மரத்தைவிட இந்தச் சமமின்மையே பெரிய காரணம் என்பது என் கருத்து. மரத்தை வழிபடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கிட்டார்களுள் ஒன்றுதான், 1959இல் செய்யப்பட்டுப் பின்னர் 'கிரீனி' என்று பெயர் பெற்றது. 1966இல் லண்டனில் ஜான் மேயாலின் ப்ளூஸ் இசைக்குழுவிலிருந்து எரிக் கிளாப்டன் விலகியபோது அவருடைய இடத்துக்கு வந்த பீட்டர் கிரீனின் கையில் அது இருந்தது. மறு ஆண்டு அவர் ஃபிளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கினார்; 1970இல் அதைவிட்டு விலகிய பிறகு கிட்டாரை அயர்லாந்துக்காரரான கேரி மூருக்கு விற்றுவிட்டார். மூர் அதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். 1995இல் கிரீனின் பாடல்களையே அதில் வாசித்து ஓர் இசைத்தொகுப்பும் வெளியிட்டார். 2014 முதல் அது மெட்டாலிகா இசைக்குழுவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது.

லெஸ் பாலில் கழுத்துப் பக்கம் ஒன்று, தந்திகள் உடலில் ஊன்றும் பிரிட்ஜ் பக்கம் ஒன்று என இரண்டு பிக்கப்புகள் இருக்கும். தவறுதலாகவோ தெரிந்தோ, அந்தக் கிட்டாரின் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் காந்தம் திரும்பியிருக்கிறது. அந்தப் பிக்கப்பைத் தனியாகக் கேட்டால் ஒரு மாற்றமும் தெரியாது. இரைச்சலும் வழக்கம் போலவே அடங்கும், ஏனெனில் காயில்களின் சுற்று மாறவில்லை. சுவிட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்புகளையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால்தான் அது தன்னைக் காட்டும். தந்தியின் அடிப்படை அதிர்வு கழுத்துப் பக்கத்திலும் பிரிட்ஜ் பக்கத்திலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகிறது. ஒரு பிக்கப் தலைகீழாக இருப்பதால் அந்தப் பருத்த பகுதி பெருமளவுக்கு அழிந்துவிடுகிறது. மேல் சுரங்களின் கதை வேறு. அவை தந்தியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அதிர்வதால், ஒரு பிக்கப்பின் மேல் ஏறும்போது மற்றதன் மேல் இறங்கவும் கூடும். அவ்வாறானவை அழியாமல் வலுக்கின்றன. சேத் லவர் இரைச்சலைக் கொல்லப் பயன்படுத்திய அதே கழித்தல் கணக்கு இங்கே இசையின் மேலேயே பாய்ந்திருக்கிறது. மீதமிருப்பது வயிறு ஒட்டிப்போன, மூக்கால் பாடும் ஒரு குரல். சிறு வயதில் கல்யாண அண்டாவுக்குள் தலையை நுழைத்துப் பேசி விளையாடியவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அந்தக் குரலுக்காகத்தான் சென்ற தை மாதம் என்னுடைய லெஸ் பால் அச்சுக் கிட்டாரை அந்தப் பெரியவரின் கடைக்குத் தூக்கிச் சென்றேன். காந்தத்தை விட்டுவிட்டு வயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதாதா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பழைய முறைப் பிக்கப்பில் ஒரு வயர்தான் உள்ளே ஓடும்; மற்றது அதைச் சுற்றிய உலோகப் பின்னல், பிக்கப்பின் உலோக உடலோடு சேர்ந்தது. அவற்றை மாற்றினால் கைபடும் உலோக மூடியெல்லாம் சிக்னல் கம்பியாகி, ஆயா கேட்ட கரண்டு கசிவு திரும்பவும் வந்துவிடும். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மூடியின் பற்றவைப்பை உருக்கி எடுத்து, அடியிலிருந்த நான்கு திருகுகளைத் தளர்த்தி, பட்டையான காந்தத்தை மெல்ல வெளியே தள்ளினார். ஒரு பழைய திசைகாட்டியை அருகில் கொண்டுபோய் முனைகளைப் பார்த்துவிட்டு, அதைப் புரட்டி உள்ளே செருகினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை; காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை வளவில் நடுச் சுவிட்சில் வாசித்தேன். இரண்டு வால்யூம்களும் முழுதாக இருந்தபோது ஒலி மிகவும் மெலிந்து, முட்டை வெண்கருப் பூச்சுச் சுவர்களில் பட்டுத் தகரம் போலத் திரும்பியது. கழுத்துப் பக்க வால்யூமைச் சற்றே குறைத்தபோது, கழிக்க வேண்டியதில் கொஞ்சம் குறைந்து, சதை திரும்பியது. பத்திலிருந்து எட்டரைக்கு வருவதற்குள் இத்தனை குரல்கள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பீட்டர் கிரீன் எவ்வளவு குறைவாக வாசிப்பார் என்பதும், ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிற்கவிடுவார் என்பதும் அந்தக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மூடியைப் பூட்டுவதற்கு முன் பெரியவர் இன்னொன்றும் செய்தார். மோட்டார் வயரின் முனைகளுக்கு அடையாளம் இட வைத்திருந்த சிவப்புச் சாயத்தைக் குச்சியால் தொட்டு, பிக்கப்பின் அடித்தகட்டில் ஒரு பொட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி திறக்கிறவன் யாரோ தப்பா மாட்டிட்டான்னு நினைச்சுச் சரி பண்ணிடக் கூடாதுல்ல" என்றார்.