27, 40, 45, அப்புறம் 50

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை ஒரு படம் போட்டிருந்தார். நாலுக்கு நாலு கட்டம். அதன் நடுவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கூடுதலாக இரண்டு சதுரங்கள், கட்டத்தோடு ஒட்டாமல் அரைக் கட்டம் தள்ளி வரைந்திருந்தன. மொத்தம் எத்தனை சதுரம்? பல வருடமாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் படம்தான். பேருந்தில் நின்றபடியே விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி 27 என்று போட்டேன். சித்தப்பா 38 என்றார். ஒன்பதாவது படிக்கும் அத்தை மகள் 40 என்று போட்டுவிட்டு, எப்படி என்று சொல்லாமலே போய்விட்டாள். அந்தக் கடுப்பில் ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

அன்று ராத்திரி கிராஃப் தாளில் அதை வரைந்து, அளவுக்கு ஒரு நிறமாக ஸ்கெட்ச் பேனாவால் சுற்றினேன். ஒன்றுக்கு ஒன்று பிரச்சினையில்லை, 16. இரண்டுக்கு இரண்டு வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எதை எண்ணினேன், எதை விட்டேன் என்றே தெரியவில்லை. மூன்று தாள் வீண்.

நாலாவது தாளில் சதுரத்தைச் சுற்றுவதை விட்டுவிட்டு, அதன் மேல் இடது மூலைக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டுக்கு இரண்டு சதுரத்தின் அந்த மூலை, வலது ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் ரொம்பப் பக்கத்தில் போக முடியாது. போனால் சதுரம் வெளியே நீண்டுவிடும். ஆக அதற்கு 3×3 இடம்தான், 9. மூன்றுக்கு மூன்று என்றால் 4. முழுச் சதுரம் 1. கூட்டினால் 30. கூடுதல் சதுரங்கள் இரண்டின் மையமும் கட்டக் கோடுகள் சந்திக்கும் இடத்திலேயே இருப்பதால், அந்தக் கோடுகளே ஒவ்வொன்றையும் நாலாக வெட்டிவிடுகின்றன. ஒன்றுக்கு 5 வீதம் 10. மொத்தம் 40. சித்தப்பா உள்ளே இருந்த எட்டுத் துண்டுகளைச் சேர்த்துவிட்டு, அவற்றைச் சுமக்கிற இரண்டு சதுரங்களை விட்டிருக்கிறார். நான் விட்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று 13 சதுரங்களை மொத்தமாக.

சதுரங்கப் பலகைக்கு இதே முறையில் 204 வருகிறது. 1, 4, 9 என்று 64 வரை கூட்ட வேண்டியதுகூட இல்லை. 8×9×17-ஐ 6-ஆல் வகுத்தால் போதும். கி.பி. 499-லேயே ஆரியபட்டர் இந்த விதியைச் சொல்லிவிட்டார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் அம்மா 5 புள்ளி 5 வரிசை நேர்ப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இதுவும் நாலுக்கு நாலுதானே, 30 என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் நடுப்புள்ளியைச் சுற்றியிருந்த நாலு புள்ளிகளையும் குறுக்காக இழுத்துச் சேர்த்தார். சாய்ந்து நிற்கிற சதுரம்! கட்டத்தில் கோடு இல்லாததால் அது என் கணக்கிலேயே வரவில்லை.

பழைய பலகை ஒன்றில் 25 ஆணி அடித்தேன். ரப்பர் பேண்டு மாட்டி மாட்டி எண்ணியதில் 45 வந்தது. மறுநாளும் 45. விடை சரி என்றே நம்பிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பேண்டு ஆணியிலிருந்து நழுவியதும் பலகையைத் திருப்பிப் பிடித்து மாட்டினேன். அப்போதுதான் பிடிபட்டது. வலதே 2, கீழே 1 என்று கிளம்பும் சதுரம் ஒன்று. வலதே 1, கீழே 2 என்று கிளம்பும் சதுரம் வேறொன்று. கண்ணாடியில் பார்த்த மாதிரி இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எடுத்திருக்கிறேன். மூன்றுக்கு மூன்றில் 4, முழுக் கட்டத்தில் 1, ஆக ஐந்து போயிருக்கிறது. சரியான விடை 50.

இதைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி, சாய்ந்த சதுரம் ஒவ்வொன்றையும் அது சரியாக அடங்குகிற நேர்ச் சதுரத்தோடு சேர்த்துவிடுவது. பக்கம் 1 என்றால் உள்ளே அது மட்டும். பக்கம் 2 என்றால் தன்னையும் சேர்த்து 2, பக்கம் 3 என்றால் 3, பக்கம் 4 என்றால் 4. அப்படியானால் 16×1, 9×2, 4×3, 1×4. 16, 18, 12, 4. ஐம்பதேதான். சதுரங்கப் பலகைக் கோடுகள் சந்திக்கும் 81 புள்ளிகளுக்கும் இப்படியே போட்டேன், 540. அதை ஆணி அடித்துப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை.

இப்போது ஊடுபுள்ளியில் நிற்கிறேன். அதில் ஒரு வரிசைப் புள்ளிகள், மேல் வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நடுவே விழும். பக்கத்துப் புள்ளிகள் மூன்றும் சம பக்க முக்கோணமாக அமைந்துவிட்டால், எப்படித் திருப்பினாலும் அதில் ஒரு சதுரம்கூடக் கிடைக்காது. வரிசைகளின் இடைவெளி, புள்ளிகளின் இடைவெளியில் சரிபாதி என்றால் நேர்ப்புள்ளியையே சாய்த்து வைத்த மாதிரி, சதுரங்கள் திரும்ப வந்துவிடும். அம்மா எவ்வளவு விடுகிறார் என்று பார்க்க ஸ்கேலோடு வாசலுக்குப் போனேன்.

"எல்லாம் கண்ணளவுதான்டா. ஈரம் காயறதுக்குள்ள தள்ளு" என்றார்.