ஒரு மணை செய்ய மூன்று மாதம்

ஆறாவது ஞாயிற்றுக்கிழமைதான் மரத்தில் உருப்படியாக உளி பட்டது. அதுவரை மொட்டை மாடியில் உட்கார்ந்து கூர் தீட்டிக்கொண்டே இருந்தேன்.

புது உளி கடையில் வாங்கியபடியே வெட்டும் என்று நினைத்திருந்தேன். வேப்பம்பலகையில் வைத்துத் தட்டினால் மரம் நசுங்கியது. தடித்த கண்ணாடித் துண்டில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, உளியின் தட்டைப் பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தேன். நடுவில் பளபளத்தது, முனை மட்டும் மங்கலாகவே நின்றது. அதாவது, தட்டை என்று பெயர்தான். அதைச் சமப்படுத்தவே ஒரு மாலை போயிற்று. சரிவுப் பக்கம் 25 பாகை. அதற்குக் கோணமானி தேடி அலைய வேண்டாம். சரிவின் நீளம் உளியின் தடிமனைப் போல இரண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். பின்பக்கம் விரலில் பிசிறு தட்டுப்படும்வரை தேய்த்துவிட்டுத்தான் இன்னும் நைசான தாள்கள்: 800, அப்புறம் 1500, 2000. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. அவசரப்பட்டு முதல் தாளிலிருந்து தாவினால் மேலே ஏறியதெல்லாம் வீண். நான் இரண்டு முறை தாவினேன்.

மணைக்குப் பழைய மரக்கடையில் ஒரு தேக்குக் கதவுப் பலகை கிடைத்தது, ஒன்பது அங்குல அகலம். இழைப்புளியைத் தள்ளிய மூன்றாவது தள்ளலிலேயே 'கிறீச்'. பெயின்டுக்கு அடியில் தலையில்லாத ஆணி! தகடு பல் விழுந்துவிட்டது, மறுபடியும் கண்ணாடிக்கே போனேன். இப்போது எந்தப் பழைய பலகையானாலும் முதலில் காந்தத்தை ஓட்டிப் பார்க்கிறேன்.

ஆணி போனபின்னும் பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது. எங்கள் தெரு ஆசாரி எட்டிப் பார்த்தார். "மேல பாக்காதீங்க தம்பி, பக்கவாட்டுல பாருங்க. ரேகை எந்தப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கம் தள்ளுங்க." பலகையைத் திருப்பி வைத்தேன். சத்தமே மாறிவிட்டது, சுருள் வெங்காயத் தோல் மாதிரி வந்தது. அன்று வேலையை மறந்து சும்மா சுருள் சீவிக்கொண்டிருந்தேன்.

அடிக்கட்டை இரண்டும் உட்காரக் காடி, அதாவது பள்ளம், எடுத்ததில் சொதப்பல். கோட்டின் உள்பக்கம் அறுக்காமல் கோட்டின் மேலேயே அறுத்ததால், ரம்பம் தின்ற அளவு காடி அகலமாகிவிட்டது. மெல்லிய சிம்பு செருகி மறைத்திருக்கிறேன். கட்டைகளைப் பசை போட்டு ஒட்டவில்லை. மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும். கட்டை நீளவாக்கில் அசையாது. இரண்டையும் ஒட்டினால் பலகை வெடிக்கும். அதனால் நடு திருகாணி மட்டும் இறுக்கம், ஓரத் துளைகளை நீட்டமாக்கிவிட்டேன்.

நேற்று அம்மா உட்கார்ந்து பார்த்தார். "நல்லாதான் இருக்கு, ஆடுதே?"

ஒரு மூலை கட்டை அரை மில்லிமீட்டர் தூக்கல். அது அடுத்த ஞாயிறு.