ஒரே சீட்டாட்டத்தால் எடைபோடப்பட்ட எரிக் சைடல்

போக்கர் ஆட்டக்காரர்களில் பெரியவர் யார் என்று நண்பர்களுடன் வாதிடும்போதெல்லாம் என் வாயில் முதலில் வரும் பெயர் எரிக் சைடல். 1988-இல் போக்கரின் மிகப்பெரிய போட்டியான உலகத் தொடரின் இறுதியில், கையில் ராணியும் ஏழும் வைத்திருந்த அவர், மேசையில் இருவருக்கும் பொதுவாக ராணி, பத்து, எட்டு விழுந்ததும் தன் ராணி ஜோடியை நம்பினார். எதிரே ஜாக்கியும் ஒன்பதும் வைத்திருந்த ஜானி சானுக்கோ அந்த மூன்று சீட்டுகளிலேயே எட்டு முதல் ராணி வரை ஐந்து சீட்டு வரிசை, ஜோடியை வெல்லும் கூட்டு, முழுமையாகச் சேர்ந்திருந்தது. சான் பலவீனமாக இருப்பதுபோல் பதுங்கி, சைடல் தன் காசு முழுவதையும் முன்னே தள்ளும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். இந்தக் காட்சியைப் பின்னாளில் ஒரு ஹாலிவுட் படத்திலும் காட்டிவிட்டார்கள். பாவம், அவர் எத்தனை வென்றாலும் பலருக்கு அவர் ஏமாந்தவராகவே நினைவில் நிற்கிறார்.

அடுத்த ஆண்டே அதே சானை வீழ்த்திய ஃபில் ஹெல்முத்துக்கு அப்போது வயது 24. இன்று 17 உலகத் தொடர்ப் பட்டங்களுடன் அவரே முன்னிலையில் இருக்கிறார். தோற்றால் எதிராளியைத் திட்டித் தீர்ப்பதால் ‘போக்கர் அடங்காப்பிள்ளை’ என்ற பட்டமும் உண்டு. நல்ல சீட்டுக்காகக் காத்திருந்து சிறுகச் சிறுக ஆடும் அவர் பாணி, ஏராளமானோர் மோதும் போட்டிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் தேர்ந்த சிலர் மட்டும் பெருந்தொகை கட்டி அமரும் மேசையில், 10 பட்டங்களோடு வாய் திறக்காமல் ஆடும் சைடலின் பக்கமே நான் பணம் கட்டுவேன்.